ஈந்தவர் யார்?

கோவிற்படத்தைக் கூடத்தில் மாட்டுபவன் பகுத்தறிவாளனா?

ஆர்மீனியரின் பழந்தலைநகர் ஆனி. அங்குள்ள பேராலயத்தைத் தீட்டிய ஓவியமொன்று, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு நிதி திரட்டும் ஏலத்திற்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். நம் தோழனொருவன் விலை கேட்கிறான். "கடவுள் இல்லையென்றாய், இப்போது கர்த்தரின் வீட்டுப் படத்திற்கா காசு?" என்று கேலி பேசுவர் சிலர். பேசட்டும்! கேள்விக்கு அஞ்சுவதா நம் கொள்கை?

அந்தப் படத்திலே நான் காண்பது கர்த்தரையல்ல, திருதாத் எனும் கட்டடக் கலைஞனை! 989இல் தொடங்கிய பணியை 1001இல் முடித்தான். கொத்துக் கொத்தாய் எழும் தூண்கள், கூர்முனை வளைவுகள் — ஐரோப்பாவில் கோதிக் பாணி தலைகாட்டுவதற்கு நூறாண்டுகட்கும் முன்பே! கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோபியாவின் குவிமாடம் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, அதைச் செப்பனிட்டவனும் அவனே. 1064இல் செல்ஜுக் துருக்கியர் ஆனியைப் பிடித்தனர், ஆலயம் மசூதியாயிற்று, பின்னர் மீண்டும் ஆலயமாயிற்று. 1319இல் நிலம் நடுங்கியது, குவிமாடம் விழுந்தது. தாங்கிப் பிடிக்க வானத்திலிருந்து எந்தக் கையும் நீளவில்லை. இன்று துருக்கி நாட்டு எல்லைக்குள், குவிமாடத்தை இழந்து நிற்பவை திருதாத் எழுப்பிய சுவர்களே.

ஆர்மீனியர் யாரோ, நாம் யாரோ என்பார்க்கு ஒரு சொல்: அம்மொழியின் முதல் இதழ் அச்சேறியது, 1794இல், நம் சென்னையில்.

ஆக, கோவிற்படம் என்பதற்காகத் தோழன் கூசவேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறு. ஏலம் முடிந்ததும் படத்தை எடுத்தவனை 'வள்ளல்' என்று வாழ்த்துகிறோமே, தகுமா? ஐயாயிரம் ரூபாய் பெறும் படத்தை எட்டாயிரத்துக்கு எடுத்தான். ஐயாயிரத்துக்குப் படம் கிடைத்துவிட்டது, அது வாணிகம். அவன் ஈந்தது மூவாயிரமே. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடும் கணக்கு! அப்படியானால் அந்த ஐயாயிரத்தை ஈந்தவன் யார்? கூலி பெறாது படத்தைக் கொடுத்த ஓவியன். மாலை மட்டும் மற்றவனுக்கு!

ஆனியிலும் இதே கதைதான். மன்னன் சும்பாத் தொடங்கினான், அரசி கத்ரனிதே முடித்தாள் என்பர். கல்லைச் சுமந்து ஏற்றியவன் பெயர்? குழல்விளக்கின் ஒளியை மறைத்து 'உபயம்' எழுதிக்கொள்ளும் நாட்டவர்க்கு இதை விளக்கவும் வேண்டுமா?

புகழுக்காகக் கொடுத்த பணம் தீட்டென்று சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு பிள்ளைக்குப் புத்தகமாகும்; வேண்டாமென்று தள்ளுவது வீம்பு, நட்டம் பிள்ளைக்கு. ஆனால் ஏலம் நடத்துவோர் படத்தின் பெறுமானத்தை முதலிலேயே அறிவிக்கட்டும். முடிந்தபின், ஓவியன் ஈந்தது இவ்வளவு, வாங்கியவன் ஈந்தது இவ்வளவு என்று மேடையிலேயே பிரித்துச் சொல்லட்டும். படத்தின் பின்புறத்தில் ஓவியனின் பெயரோடு திருதாத் பெயரையும் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மை அதிகம் செலவாகாது.