நிறம் அளக்கும் மரக்கால்

கருப்பு எது, வெளுப்பு எது என்று கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் கண் சொல்வதை யாரும் கேட்பதில்லை. அளவை சொல்வதைத்தான் கேட்கிறார்கள். அளவை யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் கணக்கு. நெல்லுக்கு இது பொருந்தும், கூலிக்குப் பொருந்தும். கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற ஒரு முகத்துக்கும் பொருந்தும் என்பது என் தொழிலில் நான் படித்த பாடம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ணி, கீறலும் கறையும் எடுத்து, பெரிசாக்கி பிரேம் போட்டுத் தருவது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஜனம். கொண்டுவருவது பெரும்பாலும் செத்துப்போனவர்கள் படம். ஆயுசுக்கும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் ஓரமாக நின்றபோது விழுந்த முகமாக இருக்கும். அந்த ஒரு முகத்தை விட்டால் அவர்கள் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

ஒரு அக்கா வந்தார். வேறொரு ஸ்டுடியோவில் தன் அம்மா படத்தைப் பெரிசு பண்ணியிருந்தார். அந்தப் பிரிண்டையும் மூலப் படத்தையும் மேசைமேல் வைத்து, "தம்பி, எங்கம்மா கருப்புதான். யாரு இல்லன்னா? ஆனா இப்படிக் கரிக்கட்டையா இருக்க மாட்டா. மூக்குல கல்லு வச்ச மூக்குத்தி போட்டிருப்பா, அது எங்க போச்சு?" என்றார். மூலப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மூக்குத்தி இருக்கிறது. பிரிண்டில் இல்லை. நான் ஸ்கேன் பண்ணினேன். என் திரையிலும் இல்லை.

ஆனால் படத் திருத்தும் மென்பொருளில் சுட்டியை வைத்தால் அந்த இடத்தின் அளவு எண்ணாக வரும். சுத்தக் கருப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 255. மூக்குத்தி இருக்கிற இடத்தில் 30-க்குப் பக்கம் காட்டியது. கன்னத்தில் 18. கன்னத்து நிழலில் 11. கோப்புக்குள் அம்மா இருக்கிறார், மூக்குத்தியோடு இருக்கிறார். திரைதான் அந்த மூன்றையும் ஒரே கருப்பாகப் போட்டு மூடிவிட்டது. வெளுத்த முகமாக இருந்தால் இந்தத் திரையில் ஒரு பழுதும் தெரிந்திருக்காது. அதன் எண்கள் எல்லாம் 150-க்கும் 220-க்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கும். இருட்டுப் பக்கத்தில் திரை பண்ணுகிற தப்பு முதலில் விழுவது கருத்த முகத்தின்மேல்தான். யாரும் திட்டமிட்டுச் செய்தது என்று சொல்லவில்லை. திட்டமிடாமலே நமக்கு மட்டும் நடக்கிறவை நிறைய இருக்கின்றன, அதில் இதுவும் ஒன்று.

இதைச் சரிசெய்ய ஒரு கருவி உண்டு. கலரிமீட்டர் என்பார்கள். உள்ளங்கை அளவு, யுஎஸ்பி வயரில் தொங்கும். அதைத் திரைமேல் படிய வைத்தால், மென்பொருள் வரிசையாக நிறக்கட்டங்களைக் காட்டும். கருப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக. கருவி அளக்கும். 'நீ காட்டச் சொன்னது இது, திரை காட்டியது அது' என்று வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிற வளைவை வீடியோ கார்டில் ஏற்றும். திரையின் குணத்தை எழுதிய ஒரு கோப்பையும் தரும், அதற்கு ஐசிசி புரொஃபைல் என்று பேர். படம் திருத்துகிற மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்து நிறத்தை மாற்றிக் காட்டும்.

புதுக் கருவி வாங்க வசதியில்லை. பழசு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, வயரும் நன்றாக இருந்தது. ஆனால் அதோடு வந்த குறுந்தகட்டில் இருக்கிற மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது. செய்த கம்பெனி இந்த மாடலைக் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. புதுசு வாங்கிக்கோ என்பதுதான் அவர்கள் பதில். அந்தக் கருவிக்குச் சொந்தமாக மூளையும் இல்லை. சொருகியதும் கம்பெனி மென்பொருள் ஒரு சின்ன நிரல்துண்டை உள்ளே ஏற்றினால்தான் கண் திறக்கும். ஏற்றாவிட்டால் கல். கருவி என்னுடையது, அதைத் திறக்கிற சாவி அவர்களுடையது. சொந்தம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யோசித்தேன்.

வழி இருந்தது. ஆர்கில் என்று ஒரு மென்பொருள். கிரேம் கில் என்ற ஆஸ்திரேலியர் எழுதி, மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவைத்தது. கம்பெனிகள் கைவிட்ட பல கருவிகளோடு அது பேசும். என் மாதிரிக் கருவிக்கு, பழைய குறுந்தகட்டுக்குள் புதைந்திருக்கிற நிரல்துண்டை உருவியெடுத்து வைத்துக்கொள்ள ஆர்கிலோடு ஒரு சின்ன நிரலும் வருகிறது. விண்டோஸில் கம்பெனியின் டிரைவரை எடுத்துவிட்டு ஆர்கிலின் டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸில் தனி டிரைவர் வேண்டாம், யுஎஸ்பியைத் தொட அனுமதி கொடுத்தால் போதும். நான் லினக்ஸில் போட்டேன். கட்டளை தட்டத் தயங்குகிறவர்களுக்கு டிஸ்ப்ளேகேல் என்று பொத்தான்களுள்ள முகப்பு இருக்கிறது. அது பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020-இல் நின்றதும் அதுவும் செத்துப்போகிற நிலை. மூலம் திறந்து கிடந்ததால் வேறு ஆட்கள் எடுத்து பைத்தான் 3-க்கு மாற்றி உயிர் கொடுத்தார்கள். கம்பெனிக்காரன் கைவிட்டால் கருவி சாகிறது. திறந்த மென்பொருளை எழுதினவர் விட்டாலும் இன்னொருத்தர் எடுத்து நடத்தலாம்.

வேலை செய்த முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். திரையை அரைமணி நேரம் எரியவிட வேண்டும். ராத்திரி மஞ்சள் வெளிச்சம், தானாகப் பிரகாசம் கூடிக் குறைவது எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஜன்னல் வெயில் திரைமேல் விழக்கூடாது. வெள்ளையை டி65-க்கும், காமாவை 2.2-க்கும், பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவுக்கும் வைத்தேன். இதெல்லாம் தொழிலில் வழக்கமான அளவுகள். இன்னொரு சிக்கல்: என் கருவி செய்யப்பட்ட காலத்துத் திரைகளுக்குள் இருந்தது குழல்விளக்கு, இப்போது இருப்பது எல்இடி. பழைய விளக்குக்குப் பழகிய கண் புது விளக்கைத் தப்பாகப் படிக்கும். அதற்குள் இருக்கிற வடிகட்டிகளும் வயதாக ஆக மங்கும். ஒரு அச்சகத்தில் இருக்கிற நண்பர், திரையையும் அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். ரெண்டையும் ஒரே திரையில் வைத்து அளந்து, வித்தியாசத்தை ஒரு திருத்தக் கோப்பாக ஆர்கிலுக்குக் கொடுத்தோம். அதாவது அளக்கிற கருவியையே முதலில் அளந்தோம்.

என் மனதில் நின்றது இந்தக் கடைசிக் காரியம்தான். அளக்கிறவனை அளக்கலாமா? நம் வரலாற்றில் அதற்கு அனுமதி இருந்ததில்லை. வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்றும் பொருள். அந்த வருணத்தால் நம்மை அளந்தார்கள். எந்தச் சாத்திரத்தை வைத்து அளந்தார்களோ அதை நாம் படிக்கக்கூடாது, காதால் கேட்கவும் கூடாது என்றார்கள். அளக்கப்படுகிறவன் தொடக்கூடாத அளவை அது.

சரி, டி65 என்கிற வெள்ளை மட்டும் எங்கிருந்து வந்தது? 1964-இல் வெளியான ஓர் ஆய்வில் 622 பகல் வெளிச்ச அளவுகளைத் தொகுத்து அதற்கு அடிப்படை போட்டார்கள். அந்த வெளிச்சம் அளக்கப்பட்ட இடங்கள் அமெரிக்காவின் ரோச்செஸ்டர், இங்கிலாந்தின் என்ஃபீல்டு, கனடாவின் ஒட்டாவா. நம்ம ஊர் வெயில் அதில் இல்லை. நிறத்தை எண்ணாக்குகிற கணக்கோ இன்னும் பழசு. 1931-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் மனிதக் கண்ணுக்கு ஒரு நியமம் வகுத்தது. ரைட் என்பவர் 10 பேரையும் கில்டு என்பவர் 7 பேரையும் இங்கிலாந்தில் உட்காரவைத்துச் செய்த சோதனைகள்தான் ஆதாரம். 17 பேர் கண்! இன்றைக்கும் உலகத்துத் திரைகளின் நிறக்கணக்கு பெரும்பாலும் அந்தக் கண்ணின் வழியாகத்தான் ஓடுகிறது.

'பாத்தியா, இதுவும் வெள்ளைக்காரன் அளவை, தூக்கி எறி' என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இன்னொரு அளவையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

கோடாக் கம்பெனி 1950களிலிருந்து போட்டோ லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி படம். முதலில் அதில் நின்றவர் பேரை வைத்து 'ஷெர்லி கார்டு' என்றார்கள். அவள் முகம் சரியாக வந்தால் மிஷின் சரி. கருத்த முகம் கரியாகப் போனால் அது மிஷின் குற்றமில்லை, முகத்தின் குற்றம். லோர்னா ராத் என்ற கனடா ஆய்வாளர் 2009-இல் இதை எழுதினார். ஃபிலிம் பழுப்பு நிறங்களைச் சரியாகப் பிடிக்கவில்லை என்ற புகாரைக் கம்பெனி காதில் போட்டுக்கொண்டதற்கு ஒரு காரணம் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்கிறவர்களும் கொடுத்த நெருக்கடி என்பதை அங்கே வேலை பார்த்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனுசனுக்காக அசையாதது சாக்லேட்டுக்காக அசைந்தது.

இந்த ரெண்டு அளவைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தவைதான். ஆனால் 1931-இன் அளவை அட்டவணையாக, எண்ணாக அச்சிட்டு வெளியே வைக்கப்பட்டது. யார் எப்படிச் செய்தார்கள் என்பதும் கிடைக்கிறது. அதனால் நீலப் பக்கத்தில் அது குறைத்துக் கணக்கிடுகிறது என்று 1951-இலேயே ஜட் என்பவர் காட்டித் திருத்தம் சொல்ல முடிந்தது. ஷெர்லி கார்டில் எண் எதுவும் இல்லை. ஒரு முகம், அதன்மேல் 'நார்மல்' என்ற முத்திரை, அவ்வளவுதான். முகத்தோடு யார் வழக்காட முடியும்? அளவை யாரிடமிருந்து வந்தது என்பதைவிட, அளக்கப்படுகிறவன் அதைத் திறந்து பார்க்க முடியுமா என்பதுதான் நான் கேட்க விரும்புகிற கேள்வி.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி அளப்பதற்கு வேறொரு மரக்கால். 1940களில் விவசாயச் சங்கம் எழுந்தபோது சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியணும் என்றதோடு, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கணும் என்றும் கேட்டார்கள். அவர்கள் மரக்காலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மரக்கால் இல்லாமல் போனால் பண்ணையாரின் கைதான் மரக்கால் என்பது அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் பார்க்கிற முத்திரை அதில் இருக்கணும் என்றார்கள். அளவை இல்லாமலும் ஒப்பேற்றிக்கொள்ள வசதியுள்ளவனுக்கு முடியும், இல்லாதவனுக்கு முடியாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவி சரியானதோடு நியாயம் வந்துவிடாது. திரையில் இல்லாத நிறத்தை எந்தக் கருவியும் உண்டாக்காது. "கொஞ்சம் வெளுப்பா போட்டுடுங்கண்ணே, பொண்ணு பாக்க அனுப்பணும்" என்று இப்போதும் கேட்கிறார்கள். அதற்குக் கருவியிடம் பதில் இல்லை. அது செய்கிற காரியம் ஒன்றுதான்: சாக்கை எடுத்துவிடுகிறது. திரை சரியில்லாதவரை 'மானிட்டர்ல அப்படித்தாங்க வந்துச்சு' என்று எந்த ஸ்டுடியோக்காரரும் தப்பித்துக்கொள்ளலாம். அளந்து சரிசெய்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முகத்தை வெளுத்தால் அதை வெளுத்தது மனுசன். கேட்டவரும் செய்தவரும் அதற்குப் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யார் தலையிலாவது வைப்பதற்குத்தான் அளவையே வேண்டியிருக்கிறது.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். திருத்துவதற்கு முன்னால், உள்ளது உள்ளபடி இருக்கிற படத்தை அதே திரையில் காட்டுகிறேன். சுட்டியை முகத்தில் வைத்து எண்ணையும் காட்டுகிறேன். இருட்டில் கிடக்கிற கண்ணையும் கன்னத்தையும் வெளியே கொண்டுவருவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க என்கிறேன். சிலர் வெளுப்புதான் கேட்கிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. சிலர் ரொம்ப நேரம் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும் தம்பி, இதுதான் அவரு" என்கிறார்கள்.