விதியைக் காப்பவன் குற்றவாளியா?

விதி என்றதும் நம்மவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பர். நாம் இங்கு ஆராயப் புகுவது தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் விதியையன்று. மன்றத்துச் சுவரில் மனிதர் எழுதி மாட்டிய விதியையே. முன்னதை எவராலும் மாற்ற இயலாது என்பர். பின்னதையோ நாமே எழுதினோம். வேண்டின் நாமே மாற்றலாம். ஆயினும், பந்தாடவும் கேரம் ஆடவும் நூல் படிக்கவும் அன்போடு கூடிய மனிதர், ஒருவர் அவ்விதியைச் செலுத்தப் புகுந்தவுடன் பகைவராய்ப் பிரிகின்றனர். இதன் காரணம் யாது?

கிரிக்கெட் உலகம் நன்கறிந்த வழக்கு ஒன்றை நோக்குவோம். 1947 டிசம்பரில் இந்தியக் கட்சியார் சிட்னி நகரில் ஆஸ்திரேலியரை எதிர்த்து ஆடினர். வினூ மன்கட் பந்து வீச ஓடிவந்தபொழுது, அவர் பக்கத்து முனையில் நின்ற பில் பிரௌன், பந்து கையை விட்டுப் போகுமுன்னரே கோட்டைக் கடந்து ஓட்டத்துக்கு முந்தினார். மன்கட் பந்தை வீசாது குச்சிகளைத் தட்டி அவரை வெளியேற்றினார். விதிநூல் அதற்கு இடந்தந்தது. முந்திய மாதம் அதே நகரில் நடந்த வேறோர் ஆட்டத்தில், முதலில் எச்சரித்து, பின்னரே இதே பிரௌனை இதே வகையில் அவர் வெளியேற்றியிருந்தார். எனினும் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளிற் சில, ஆட்டப் பண்புக்கு ஒவ்வாத செயல் என்று மன்கட்டையே தூற்றின. ஆஸ்திரேலியத் தலைவரான டான் பிராட்மனோ மன்கட் மீது குற்றமில்லை என்றே வாதித்தார். பயன் என்ன? கோட்டைத் தாண்டியவர் பெயர் தப்பியது. விதியைச் செலுத்தியவர் பெயரே அச்செயலுக்கு வசைப்பெயராய் நிலைத்தது.

இவ்வழக்கை நாம் நெடுநாள் நமக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஏனெனில், விதியைக் காத்ததற்காகப் பழி சுமந்தவர் வரிசையில் நம்மையும் சேர்த்து எண்ணியிருந்தோம்.

நாம் கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் கேரம் மன்றம் ஒன்று இருந்தது. அதன் காரியதரிசியும் நாமே. இரண்டு மாதச் சந்தா பாக்கி வைத்தவர் பலகையைத் தொடலாகாது என்பது சுவரில் எழுதியிருந்த விதி. ஓராண்டுக் காலம் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒருநாள் மாலை திடீரென்று நமக்குக் கடமையுணர்ச்சி பிறந்தது. ஆடிக்கொண்டிருந்த தொழிலாளர் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்திருக்கச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. ஸ்டிரைக்கரைப் பலகைமேல் வைத்துவிட்டு அமைதியாக ஒன்று கேட்டார்: "எனக்கு இரண்டு மாதம், எதிரே இருப்பவருக்கு ஐந்து மாதம். அவரும் எழுந்திருக்க வேண்டுமல்லவா, ஐயா?"

எதிரே இருந்தவர் பெரிய கிராணியின் மைத்துனர்!

நம்மிடம் விடையில்லை. விடையில்லாதவன் கையில் அதிகாரம் இருந்தால் என்ன செய்வானோ அதையே செய்தோம். மரியாதையின்றிப் பேசினார் என்று குற்றஞ்சாட்டி, மூன்று மாதம் மன்றத்துள் வரலாகாது என்று தடுத்தோம். சந்தா பாக்கிக்கு விதி இருந்தது. கேள்வி கேட்டதற்கு எந்த விதி இருந்தது? பின்னர் மனம் உறுத்தவே, பொதுக்கூட்டத்தில் நம் பிழையை ஒப்புக்கொண்டு அத்தடையை நீக்கினோம். அவரோ திரும்பி வரவில்லை.

மன்கட்டுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை அதன் பின்னரே விளங்கிற்று. அவர் முன்னொரு முறை எச்சரித்திருந்தார். நாம் ஓராண்டு உறங்கிவிட்டுத் திடீரென விழித்தோம். அவர் முறையிட்டார், நடுவர் தீர்ப்பளித்தார். நாமோ வாதியும் நீதிபதியும் தண்டனை நிறைவேற்றுபவரும் ஆனோம். அவர் எதிர்த்தது தேர்ந்த ஆட்டக்காரரை; நாம் எழுப்பியது, எழுப்பினால் எழுந்துவிடக்கூடிய ஓர் எளியவரை.

"அப்படியாயின் எல்லோரையும் மன்னித்து விட்டிருக்கலாமே, இரக்கம் நல்லதன்றோ?" என்பார் சிலர். அதற்கும் கிரிக்கெட்டிலேயே சான்று உண்டு. 1987-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், லாகூரில், பாகிஸ்தானின் சலீம் ஜாஃபர் கடைசி ஓவரில் இவ்வாறே கோட்டைத் தாண்டினார். மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் அவரை வெளியேற்றாது எச்சரித்து விட்டார். அவர் கட்சி ஒரே விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. உலகம் அவரைப் புகழ்ந்தது; புகழ்ந்தது தகும். அந்நஷ்டம் அவர் பக்கத்தைச் சேர்ந்தது. நாம் மைத்துனருக்குக் காட்டிய இரக்கமோ, மாதந்தோறும் தவறாமல் சந்தா கட்டியவர்களின் காசில் காட்டியது. தன் நஷ்டத்தில் காட்டும் இரக்கம் பெருந்தன்மை. பிறர் நஷ்டத்தில் காட்டும் இரக்கம் பட்சபாதம்.

விதியே பிழையென்று தோன்றினால் செய்யத்தக்கது யாது? 1787-இல் லண்டனில் தோன்றிய மேரிலிபோன் கிரிக்கெட் சங்கமே இன்றும் அவ்வாட்டத்தின் விதிநூலைப் பேணி வருகிறது. மன்கட் செய்த வகையிலான வெளியேற்றத்தை, 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், முறையற்ற ஆட்டம் என்னும் பகுதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் என்னும் பகுதியில் அது சேர்த்தது. 75 ஆண்டுகள் சென்ற பின்னராயினும், பழி யாருடையது என்பதை விதிநூல் தெளிவாக்கியது. நம் மன்றங்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பொதுக்கூட்டம் போதும். வேண்டாத விதியை அங்கே அழித்துவிடுக. வேண்டிய விதியை வைத்துக்கொள்க. சுவரில் ஒன்றும் நடப்பில் ஒன்றுமாக விட்டுவைத்தால், அது வலியவனுக்கு வெறுங்காகிதமாகவும் எளியவனுக்குக் கண்ணியாகவும் ஆகும்.

ஆகவே, விதியைக் காப்பவன் குற்றவாளியா? அல்லன், அதை முதலில் தன் மீதும் தன்னைச் சார்ந்தோர் மீதும் செலுத்தியிருந்தால். தோழர்களே, உங்கள் மன்றத்திலும் ஒருநாள் ஒருவர் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அவரை வெளியே அனுப்புமுன், அக்கேள்விக்கு விடை உண்டா என்று பாருங்கள்.