யார் தேய வேண்டும்?

என் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஓர் உலோகக் கட்டியை வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம், மேலெல்லாம் குழி, ஓரங்கள் கரையான் தின்ற பலகை மாதிரி. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், "இதைப் போய் ஏன் வைத்திருக்கிறீர்கள்? கடையில் நல்ல கண்ணாடிக் குண்டு கிடைக்குமே!" என்றார். அவரிடம் விவரம் சொல்ல அன்று மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு நாவலுக்காகக் கடல் தொழிலைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு மே மாதத்தில் நாகப்பட்டினம் போனேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடையை 2017-ல் 61 நாளாக்கினார்கள். மீன்களுக்கு அது இனம் பெருக்கும் காலம்; படகுகளுக்கோ வைத்திய காலம். கரையேற்றிய படகுகளின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், பலகையிடுக்கை அடைப்பதும், எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தலையைச் சொறிவதுமாகத் துறைமுகமே ஒரு பெரிய ஆஸ்பத்திரி போல இருந்தது.

அங்கேதான் அந்த மேஸ்திரி எனக்குக் கிடைத்தார். அறுபது வயதைத் தாண்டியவர். என் கையெழுத்துப் பிரதியில் ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். 'நடுக்கடலில் எஞ்சின் பழுதடைந்து நின்றது' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன பழுது சார்?"

நான் விழித்தேன். எங்கள் கதைகளில் எஞ்சின்கள் இப்படித்தான் காரணமின்றி நின்றுவிடும். கதாநாயகன் கஷ்டப்பட வேண்டுமே!

"டீசல் எஞ்சின் சும்மா நிக்காது சார். நின்னுச்சுன்னா முதல்ல எண்ணெயைப் பாருங்க. வடிகட்டி அடைச்சிருக்கும், இல்லே, டீசல்ல தண்ணி சேர்ந்திருக்கும், இல்லே, குழாயிலே காத்து புகுந்திருக்கும். முக்காவாசி இதுக்குள்ளே அடங்கிடும். ஓடிக்கிட்டே சூடேறுதுன்னா கடல்தண்ணி உள்ளே வரலேன்னு அர்த்தம்."

பிறகு ஒரு வாரம் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். கடலில் ஓடும் எஞ்சினைக் குளிர்விப்பதற்குச் சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது. அதைச் சாகடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். சில எஞ்சின்களில் கடல்நீர் நேராக உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. சிலவற்றில் உள்ளே நல்ல தண்ணீர் சுற்றுகிறது. அதன் சூட்டைக் கடல்நீர் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறது. நீரை இழுக்கும் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் சில நிமிஷம் சுற்றினால் போதும், இதழ்கள் பிய்ந்துபோகும். பிய்ந்த துணுக்குகள் போய்க் குழாய்களை அடைக்கும். ஆகவே எஞ்சினைக் கிளப்பியதும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகையோடு தண்ணீரும் விழுகிறதா என்று கவனிக்க வேண்டுமாம். கரும்புகை வந்தால் பாரம் அதிகம், அல்லது காற்றுப் போதவில்லை. நீலப்புகை என்றால் மசகெண்ணெய் எரிகிறது. அந்த எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. இதெல்லாம் என் நாவலுக்குப் பயன்பட்டன. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நாள் ஒரு படகின் அடியில் குனிந்தவர், யாரையோ திட்டத் தொடங்கினார். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டி பொருத்தியிருந்தது. அதன்மேல் பளபளவென்று நீலப் பெயிண்ட். படகுக்காரரின் பையன் ஆசையாக அடித்தது.

"அழகா இருக்கில்லே சார்? படகையே கொன்னுட்டான்."

உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்புபட்டு மூழ்கியிருந்தால் அங்கே மின்சாரம் பிறக்கிறது. டார்ச் விளக்குக்குப் போடும் சாதாரணப் பாட்டரிக் கட்டையில் நடக்கும் அதே காரியம்தான். இரண்டில் ஒன்று கரைந்தாக வேண்டும். விசிறியும் எஞ்சினும் கரையாமல் இருப்பதற்காக, அவற்றைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டுகிறார்கள். கடலின் பசிக்கு அது இரையாகிறது. பெயிண்ட் அடித்தால் தண்ணீர் அதைத் தொடாது. தொடாவிட்டால் கரையாது. மேஸ்திரி சுத்தியலால் விசிறியைத் தட்டிக் காட்டினார். 'ணங்' என்று ஒலிக்க வேண்டிய உலோகம் மண்சட்டி போல ஒலித்தது. அங்கங்கே பொன்னிறம் போய்ச் செம்பு நிறம் பாய்ந்திருந்தது. கரையிலிருந்து முப்பது மைலுக்கு அப்பால், காற்று கிளம்பிய ஒரு இரவில் அந்த விசிறி உடைந்திருந்தால் படகிலிருந்தவர்கள் கதி என்ன?

"புதுசு மாதிரியே இருக்கிற கட்டி வேலை செய்யாத கட்டி சார். அதேமாதிரி முழுசாக் கரையிற வரைக்கும் விட்டாலும் தப்பு. பாதி கரைஞ்சதும் மாத்திடணும்."

இந்தத் துத்தநாகத்துக்கு ஆங்கிலத்தில் பலி என்ற பொருள் தொனிக்க ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு அறையில் படுத்திருந்தபோது அந்தப் பெயர் என்னை உறுத்திற்று. பலியாகிறேன் என்று துத்தநாகம் சொன்னதா? அதைக் கேட்டவர் யார்? கொண்டுபோய் மாட்டியது நாம். பிறகு அதன் தியாகத்தை மெச்சுவதும் நாமே!

எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா இறந்தார். அக்காவுக்குப் பதினேழு. அவள் ஒரு பஞ்சு வியாபாரியின் கடையில் டைப் அடிக்கப் போனாள். என் பள்ளிச் சம்பளம், அம்மாவின் மருந்து, பிற்பாடு என் கல்யாணம்கூட அந்த விரல்களிலிருந்து வந்தவைதான். அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றும் 'இந்த வருஷம் போகட்டும்' என்ற வாக்கியத்தில் கரைந்தன. அந்த வாக்கியத்தை அவள் சொன்னாளா, அம்மா சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சொல்லவில்லை என்பது நிச்சயம். ஆனால் எனக்கு இருபத்து நான்கு வயதாகிக் கை நிறையச் சம்பாதித்தபோதும் அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் புழங்கிற்று. நான் மறுத்துப் பேசவில்லை. என் முதல் நாவலை அவளுக்குச் சமர்ப்பித்து, 'தியாகத்தின் திருவுருவம்' என்று அச்சிட்டேன். இப்போது நினைத்தால், அந்தப் பையன் அடித்த நீலப் பெயிண்ட் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அவனுக்கு விஷயம் தெரியாது.

இங்கே வேறொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இதை முதலில் கண்டு சொன்னவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு உப்புநீரில் அரித்துப்போனது. அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ சிறிதளவு சேர்த்துவிட்டால் செம்பு அரிக்காது என்று 1824-ல் அவர் காட்டினார். சொன்னபடியே செம்பு பிழைத்தது. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதுவரை துளித் துளியாகக் கரைந்த செம்புதான் கடற்பாசியையும் சிப்பியையும் அண்டவிடாமல் விரட்டியிருக்கிறது. கரைவது நின்றதும் அவை அடியெல்லாம் மண்டிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படையார் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

தன் பங்குக்குத் தேயாத செம்பின்மேல் என்னவெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன, பாருங்கள்! மின்சாரக் கட்டணம் எங்கே கட்டுவதென்று முப்பது வயது வரை எனக்குத் தெரியாது. காப்பி ஆறியிருந்தால் கோபம் வரும். பிறர் துன்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு முழுவதும் யாருக்காகவும் விழித்திருந்ததில்லை. இவையெல்லாம் என் இயல்பு, எழுத்தாளன் என்றால் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன்.

கட்டிக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அக்காவுக்கு மனம் உண்டு. அவள் விரும்பியே செய்திருக்கலாம். அது அவள் பெருமை. அதைக் காட்டி என் கணக்கை நான் தீர்த்துக்கொள்ள முடியுமா? துத்தநாகத்தைப் பாதியில் கழற்றிப் புதிது மாட்டலாம். பாதி கரைந்த அக்காவுக்குப் பதில் மாட்டுவதற்கு வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். பாதி எது என்று தடைக்காலந்தோறும் குனிந்து பார்ப்பது மேஸ்திரியின் தொழில். எங்கள் வீட்டில் அப்படி யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, வேறொரு படகிலிருந்து கழற்றிய பழைய கட்டி ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய சாமான். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி?"

சொன்னேன். உப்புநீர், மின்சாரம், விசிறி, பெயிண்ட் அடித்த பையன் எல்லாவற்றையும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் படகுக்கு வேற புதுசு மாட்டினாங்களாடா?"

"மாட்டினாங்கக்கா."

"சரி, கை கால் கழுவிட்டு வா. சாதம் ஆறுது" என்று எழுந்தாள்.

"நீ உட்காரு. நான் போட்டுக்கறேன்" என்றேன். தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.