களையும் அப்பமும்



போன புதன்கிழமை நம் கீழத்தெரு வயலில் களையெடுப்பு நடந்தது. வரப்பில் சற்று நின்றேன். ஒரு பாட்டி ஒரு தூரைப் பிடுங்கி என் கையில் வைத்து, "சாமி, இது நெல்லா களையா, சொல்லுங்க பாப்போம்" என்றார். நெல் என்றேன். வயல் முழுக்கச் சிரிப்பு. அது நெற்சக்களத்தியாம். இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துக் காட்டினார். நெல்லுக்கு அங்கே வெள்ளையாய் ஒரு சிறு நாக்கு உண்டு, இதற்கு இல்லை. பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

அந்தப் புல்லுக்கு நெல்லின் சாயல் எப்படி வந்தது? களையெடுத்த கைகள்தாம் கொடுத்தன. படர்ந்து கிடந்தது, அடித்தண்டு சிவந்திருந்தது எல்லாம் கண்ணில் பட்டுப் பிடுங்கப்பட்டது. நிமிர்ந்து, பச்சையாய், நெல்லைப்போல் நின்றது தப்பித்து விதை உதிர்த்தது. அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள் முளைத்தன. சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகை வயல்களில் இந்தப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இந்த வேடம் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கும் என்று கணிக்கிறார்கள். செடி திட்டம் போடவில்லை. பிழைத்ததன் குணம் வித்தில் தங்கியது, அவ்வளவுதான்.

நாமும் களையெடுக்கிறவர்கள்தாமே? குடி, பொய், கெட்ட வார்த்தை என்று கண்ணுக்குத் தெரிவதைப் பிடுங்கி ஒப்புரவு அருளடையாளத்தில் கொண்டுவந்து வைக்கிறோம். நல்லது. ஆனால் புண்ணியத்தின் சாயலில் நிற்பதை என்ன செய்கிறோம்? போன மாதம் பீடத்தில் நின்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன். ஆண்டவரின் இல்லத்தின்மேல் எனக்குள்ள ஆர்வம் என்று எண்ணிக்கொண்டேன். இரவு செபத்துக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் கோபம். உங்கள் வீட்டில் எது கண்டிப்பு என்ற பெயரில் வளர்கிறது? எந்தத் தருமம் நாலு பேர் பார்க்கவே நடக்கிறது?

இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். இன்றைய நற்செய்தியின் உவமையில் கோதுமை வயலில் களை முளைக்கிறது. வேலையாட்கள் போய்ப் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள், நிலத்துக்காரர் தடுக்கிறார். பாலஸ்தீனத்தின் அந்தக் களையும் கதிர் வெளிவரும்வரை கோதுமையைப்போலவே இருக்குமாம். அவசரக் கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். உவமையின் முடிவில் களை தீக்குப் போகிறது; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அறுவடைவரை அவர் பொறுக்கிறாரே, அந்தப் பொறுமையின் நிழலில்தான் நாம் எல்லாரும் நிற்கிறோம்.

பிரியமானவர்களே, களையே பயிராக மாறியதும் உண்டு. ரை என்று ஒரு தானியம். நம் பக்கம் விளையாது. மேற்காசியாவின் கோதுமை வயல்களில் அது வெறும் களையாக இருந்தது. விதைக் கோதுமையில் கலந்து, அழையா விருந்தாளியாய் வடக்கே குளிர் நாடுகளுக்குப் போனது. வழியெல்லாம் உழவரின் அரிவாள் அதை மாற்றிக்கொண்டே வந்தது. அறுவடைக்கு முன்பே மணி உதிர்த்த கதிர்கள் விதைக்கூடைக்கு வரவில்லை; மணியைப் பிடித்து வைத்திருந்தவை வந்தன, மறு ஆண்டு விதைக்கப்பட்டன. மணியும் பருத்தது. புது மண்ணில் கடுங்குளிர். மண்ணிலும் சத்து இல்லை. கோதுமை பட்டுப்போன இடத்தில் ரை நின்றது. இப்படித்தான் அது பயிரானது என்று 1917இல் விளக்கி எழுதியவர் நிக்கொலாய் வவிலோவ் என்ற ரஷ்ய அறிஞர். உலகத்தின் பசியைத் தீர்க்க நாடு நாடாகச் சென்று விதை சேர்த்த அந்த மனிதர், 1943இல் சராத்தோவ் நகரச் சிறையில் பட்டினியால் இறந்தார். அவரையும் இன்றைய திருப்பலியில் நினைத்துக்கொள்வோம்.

கோதுமை விளையாத அந்தப் பனி நாட்டு ஏழைகளும் நம்மைப்போலவே ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னார்கள், அன்றாட உணவைக் கேட்டார்கள். அவர்கள் மேசைக்கு வந்தது கறுப்பு ரொட்டி. ஒரு காலத்தில் களையென்று பிடுங்கிப் போட்ட அந்த ரையின் ரொட்டி.