ஒற்றரைப் பிடிக்கப் பொய் சொல்லலாமா?

தன் கட்டுப்பாட்டை மீறிச் சென்றுவிட்ட ஒற்றர் ஒருவரை, சட்டத்தின் கை எட்டாத நாட்டிலிருந்து வெளியே வரவழைப்பதற்காக ஓர் அரசு பொய் சொல்லலாமா என்பது, ஒற்றாடலை ஆட்சியின் கருவிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட எந்த அறச்சிந்தனையும் தட்டிக்கழிக்க முடியாத வினா. பொய்வேடம் பூணுவதையே தொழிலாகக் கற்றவர் அதே பொய்வேடத்தால் பிடிபட்டால் முறையிட அவருக்கு என்ன உரிமை என்று கேட்பது எளிது. எனினும் அவருடைய தகுதியை அளவுகோலாகக் கொண்டு அரசின் கடமையை அளப்பது பொருந்தாது. 1982-இல் கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவில் முடிவுற்ற எட்வின் வில்சன் வேட்டை இவ்வினாவை ஆராய ஏற்றது. அவரை ஈர்க்கச் சொல்லப்பட்ட பொய்யோடு அங்கே பொய் நின்றுவிடவில்லை.

வில்சன் 1971 வரை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.விலும், பின்னர் 1976 வரை கடற்படையின் ரகசிய உளவுப் பிரிவு ஒன்றிலும் பணியாற்றியவர். உளவுப் பணிக்கு முகமூடியாக நடத்திய வணிக நிறுவனங்களின் வழியாகவே அவர் பெருஞ்செல்வரானார். பதவியை விட்டபின் லிபியாவின் கடாபி அரசுக்கு ஆயுதங்களையும் பயிற்சியாளர்களையும் அளித்தார். எண்ணெய்க் கிணறு தோண்டப் பயன்படும் சேற்றுக்கலவை என்ற பெயரில் ஏறத்தாழ 20 டன் சி-4 வெடிமருந்து ஹூஸ்டன் நகரிலிருந்து விமானத்தில் லிபியாவுக்குப் போனது. அவர் அனுப்பிய கைத்துப்பாக்கிகளுள் ஒன்றினால் லிபிய அரசின் எதிர்ப்பாளர் ஒருவர் ஜெர்மனியின் பான் நகரில் கொல்லப்பட்டார். ஆகவே இது அப்பாவி ஒருவர் சிக்கவைக்கப்பட்ட கதை அன்று.

1980-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானபோது வில்சன் லிபியாவில் இருந்தார். அங்கிருந்து அவரைச் சட்டப்படி பெற வழி இல்லை. ஏமாற்று வேலைகளில் கைதேர்ந்த இடைத்தரகர் ஒருவரை அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அனுப்பினர். வாஷிங்டனில் தேசியப் பாதுகாப்பு அவை வில்சனுடைய சேவையை மீண்டும் விரும்புகிறது என்றும், டொமினிக்கன் குடியரசில் அவர் அச்சமின்றித் தங்கலாம் என்றும் அந்தத் தரகர் நம்பவைத்தார். 1982 ஜூன் மாதம் சாந்தோ டொமிங்கோ விமான நிலையத்தில் வந்திறங்கிய வில்சனுக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. வந்த வழியே திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, நியூயார்க் செல்லும் விமானத்தில் ஏற்றப்பட்டு அவர் கைதானார்.

இப்பொய்யை அறவழியில் காக்க முடியுமா? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று திருக்குறள் வாய்மை அதிகாரத்தில் இடமளிக்கிறது. ஆனால் நன்மை குற்றமற்றதா என்று தீர்மானிப்பவர் யார் என்ற வினா அங்கே எழுகிறது. பொய் சொன்னவரே அதைத் தீர்மானிப்பதானால் எல்லாப் பொய்யும் தேறிவிடும். வில்சனை ஈர்த்த பொய்க்கு ஒரே காப்பு, அதன் மறுமுனையில் பொய்யில் பங்குபெறாத நீதிமன்றம் ஒன்று காத்திருந்தது என்பதே. ஆளைத் தூக்கிச் செல்லும் கடத்தலோடு ஒப்பிட்டால் ஈர்ப்பு சற்றே மென்மையானது என்பதும் உண்மை: வில்சன் தம் கால்களால் நடந்துதான் விமானம் ஏறினார், அவரை நடத்தியது அவருடைய பழைய ஆசைதான். கைது செய்யப்பட்ட முறை எவ்வளவு ஒழுங்கற்றதாயினும் விசாரிக்கும் அதிகாரம் அதனால் கெடாது என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886-இலேயே வகுத்திருந்தது. ஈர்த்துப் பிடித்ததை எதிர்த்து வில்சன் செய்த மேல்முறையீடுகளும் அவ்வழியே தள்ளுபடியாயின.

தீவிலுள்ள டொமினிக்கன் குடியரசின் பக்கம் நின்று பார்க்கும்போது இக்காப்பு சற்றுத் தளர்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களை ஒருவருக்கொருவர் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் அந்நாட்டுக்கும் இடையே 1909 முதலே இருந்தது. அதன்படி நடந்திருந்தால் கோரிக்கையை எழுத்தில் வைத்து, ஆதாரம் காட்டி, மறுப்பைக் கேட்க வேண்டியிருந்திருக்கும். குடியேற்ற அதிகாரிகளின் ஒரு மறுப்பு அவ்வளவையும் தேவையற்றதாக்கியது. 1965-இல்தான் அமெரிக்கப் படைகள் இறங்கிய சிறு நாட்டிடம் இத்தகைய உதவி கேட்கப்படும்போது, அது மறுத்திருக்கக்கூடும் என்று நினைக்க நிறையவே நல்லெண்ணம் வேண்டும்.

உண்மையான சிக்கல், வெடிமருந்து வழக்கின் விசாரணை நடந்த ஹூஸ்டனில் தொடங்கியது. லிபியாவில் செய்தவற்றைச் சி.ஐ.ஏ.வுக்கு உதவும் நோக்கோடு, அதன் ஆட்களின் அறிவோடு செய்ததாக வில்சன் வாதிட்டார். அதை முறியடிக்க, சி.ஐ.ஏ.வின் மூன்றாம் நிலை அதிகாரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், அதாவது சத்தியம் செய்து அளிக்கும் எழுத்துச் சான்று, ஜூரியிடம் வாசிக்கப்பட்டது. 1971-இல் பணி விலகிய பின், 1972-இல் நடந்த ஒன்றைத் தவிர, வில்சனிடம் நேராகவோ மறைமுகமாகவோ எந்தச் சேவையும் கேட்கப்படவில்லை என்றது அது. ஜூரியினர் அதை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டனர். சற்று நேரத்தில் குற்றவாளி என்று முடிவு கூறினர். உண்மையில் 80-க்கும் மேற்பட்ட தொடர்புகள் இருந்தன. பத்திரம் தவறானது என்பது தீர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே அரசு வழக்கறிஞர்களுக்குத் தெரியவந்தது. அவர்கள் கூடிப் பேசினார்கள், நீதிமன்றத்திடம் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது குறளின் ஒற்றாடல் அதிகாரம் தரும் விதி. உளவு அமைப்பின் சொல்லை நீதிமன்றத்தில் சரிபார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர்களோ அதை மறைப்பவர்களாக மாறினர்.

ஈர்ப்புப் பொய்யும் பத்திரப் பொய்யும் ஒரே தன்மையன அல்ல. முன்னது ஒருவரை விசாரணைக்குக் கொண்டுவந்தது; பின்னது விசாரணை தேட வேண்டியிருந்த உண்மையையே, அதாவது அவர் அமைப்பின் கட்டுப்பாட்டை மீறினாரா அல்லது அமைப்பு பயன்படுத்திக்கொண்டு கைகழுவிவிட்டதா என்பதையே, விசாரணைக்கு முன் தீர்த்துவைத்தது. இங்கே முன்னதும் தன் காப்பை இழக்கிறது. நேர்மையான நீதிமன்றத்தை ஈடாகக் காட்டிப் பெற்ற அனுமதி அது; ஈடு போலியானபின் அனுமதி மட்டும் செல்லுபடியாவது எப்படி? வில்சன் தண்டனைக்குரியவர் என்பதால் தவறு சிறுத்துவிடும் என்பவர்கள், தண்டனைக்குரியவரின் குற்றத்தை நிரூபிக்கப் பொய் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை கூற வேண்டும்.

பல வழக்குகளில் மொத்தம் 52 ஆண்டுத் தண்டனை பெற்ற வில்சன், சிறையிலிருந்தபடியே தகவலறியும் சட்டத்தின்கீழ் ஆவணங்களைக் கேட்டுப் பெற்று, பொய்யை வெளிக்கொணர்ந்தார். 2003-இல் நீதிபதி லின் ஹியூஸ் வெடிமருந்து வழக்கின் தீர்ப்பை ரத்துசெய்தார். அரசு வழக்கறிஞர்களைக் கொல்லச் சதிசெய்த வழக்கு உள்ளிட்ட ஏனைய தண்டனைகள் நிலைத்தன. 2004-இல் விடுதலையான வில்சன், பத்திரத்தின் பின்னால் இருந்தவர்கள்மீது தொடுத்த வழக்கு 2007-இல் தள்ளுபடியானது. அரசு வழக்கறிஞர்கள் அச்சமின்றிக் கடமையாற்ற வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள முழு விலக்குரிமை, அதாவது வழக்கு நடத்தியதற்காக அவர்கள்மீது இழப்பீடு கோர முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு, அதற்குக் காரணமாயிற்று. வழக்காடும்போது நேரும் பிழைக்கு அப்பாதுகாப்பு தேவைதான். பிழை என்று தெரிந்தபின் அதைக் கோப்பில் புதைத்து, ஒரு மனிதரை இருபது ஆண்டுகள் சிறையில் வைத்திருந்த மௌனத்துக்கும் அதே பாதுகாப்பை நீட்டியதை ஏற்றுக்கொள்வது கடினம்.