திரையும் திருநீறும்

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றும் உடல் எடுத்தார்க்கு ஒருதலையாக வருவன. இவற்றுள் திரையை ஊசிமருந்தால் மறைக்கும் வழக்கம் இக்காலத்துப் பரவியுள்ளது. அது சைவ நன்மக்கட்கு ஆகுமோ என்னும் வினா சின்னாட்களின் முன்னர்ப் பூலாம்பாடியில் எம்மை அடைந்தது. எம்பால் நெடுநாட் பழகிய அன்பர் ஒருவரின் மகளார் சிங்கப்பூரில் அலுவல் பார்ப்பவர், ஐம்பதை அணுகியவர். விடுமுறைக்கு வந்த அவ்வம்மையார், "ஐயா, முகத்திற் சுருக்கம் விழுந்தவரை எங்கள் அலுவலகத்தில் முன்னிருத்துவதில்லை. நெற்றியில் ஊசி போட்டுக்கொண்டால் திருநீறு பூசும் தகுதியை இழப்பேனோ?" என வினவினார்.

அம்மருந்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். போடாக்ஸ் என வழங்கும் அது, கெட்ட உணவில் தோன்றும் ஒரு நுண்ணுயிரின் கொடுநஞ்சேயாம். 1895 இல் பெல்சிய நாட்டில் உப்பிட்ட பன்றியூன் உண்டோர் நோயுற, எர்மெங்கம் என்னும் அறிஞர் அந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். நரம்பு தசைக்கு இடும் ஏவலை அந்நஞ்சு தடுக்கும். தசை அசைவற்றுக் கிடக்கும். மிகச் சிற்றளவில் அதனால் மாறுகண்ணைத் திருத்தலாமென அமெரிக்க மருத்துவர் ஆலன் ஸ்காட் காட்டினார். 1989 இல் அந்நாட்டரசு இசைவளித்தது. இமைத்துடிப்புக்கு ஊசி பெற்றோரின் புருவநடுச் சுருக்கமும் மறைதலைக் கனடாவிற் கருதர்ஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் கண்டு, 1992 இல் ஆய்வு வெளியிட்டனர். 2002 இல் திரைநீக்கத்துக்கும் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. ஊசியின் ஆற்றல் மூன்று நான்கு திங்களே நிற்கும். பின்னர்த் திரை மீளும்.

உடம்பு மாயையின் காரியம்; ஆணவத்தான் மறைப்புண்ட உயிர்க்கு இறைவன் அருளிய விளக்கு. விளக்கைத் துடைத்தல் குற்றமன்று. இமை திறவாது வருந்துவார்க்கு நஞ்சும் மருந்தாதல், நஞ்சுண்ட கண்டன் உலகில் வியப்புமன்று. திரையோ நோயன்றே எனின், யாமும் விழுந்த பல்லுக்குக் கட்டுப்பல் வைத்துள்ளோம். மெல்லுதற்கு மட்டுமன்று, அவையிற் பொக்கைவாயொடு நிற்க நாணியும் வைத்தோம். ஆகலின் அம்மையாரைக் கடிதற்கு எமக்கு உரிமை இல்லை.

காரைக்காலம்மையார் வனப்பை உதறிப் பேயுரு வேண்டினாரே என்பார் உளர். கணவன் பொருட்டுத் தாங்கிய வனப்பை, அக்கடன் நீங்கிய பின்னரே அவர் உதறினார் என்பதை அன்னோர் மறந்தனர். திருமுதுகுன்றத்தில், குருநமசிவாயர் தம்மைக் கிழத்தியெனப் பாடக் கேட்ட அம்மை, இளையாளாகப் பாடுமாறு பணித்தாள் என்பது தலவரலாறு. விருத்தாம்பிகைக்கும் பாலாம்பிகைக்கும் அங்குத் தனித்தனிச் சந்நிதிகள் உள்ளன. ஆகவே மூப்பும் இளமையும் தம்மளவிற் குற்றமும் அல்ல, குணமும் அல்ல. இவ்வுடலே யானென்னும் மயக்கமே குற்றம். எம்மை வினவிய அம்மையார் பிழைப்பின்பொருட்டு அஞ்சினாரேயன்றி அங்ஙனம் மயங்கினாரல்லர்.

அவரை அஞ்சச் செய்தார் யாவர்? அயல்நாட்டு அலுவலகத்தார் மட்டுமோ? மூத்தோரை வாயால் வணங்கி மனத்தால் ஒதுக்கும் நாமும் அன்றோ? நம்பியாரூரர் திருமணப் பந்தரில் இறைவன் கிழவேதியனாய் வந்தான், பித்தனென இகழப்பட்டான். திருவதிகைச் சித்தவட மடத்தில் அவர் முடிமேல் அடிநீட்டிய முதியவன், பழியைத் தன் மூப்பின்மேல் ஏற்றினான். தடுத்தாட்கொள்ளவும் திருவடி சூட்டவும் அவன் விரும்பி மேற்கொண்ட உரு மூப்புருவே. திரைந்த முகத்தை இகழ்வார், தாம் யாரை இகழ்கின்றார் என எண்ணுவாராக.

அம்மையார்க்கு யாம் கூறிய விடை இது: "தகுதி போகாது, அம்மா. வழுவழுத்த நெற்றியையும் திரைந்த நெற்றியையும் நீறு ஒப்பவே ஏற்கும். இரண்டும் ஒருநாள் நீறாவனவே. தக்க மருத்துவரிடமன்றிச் செல்லற்க. நஞ்சு பரவின் இமை தாழும். ஊசி ஓயும் திங்களிற் கண்ணாடி கண்டு நெஞ்சு நடுங்குமாயின், அது பாசமாயிற்றென அறிந்து அன்றே விடுக." திருமடங்களிலும் சபைகளிலும் இல்லங்களிலும் முதியாரை முன்னிருத்தி, இவ்வச்சத்தை வேரறுத்தல் நம் கடன் என்க.