நோய் எங்கே இருக்கிறது?

வைராய்டு என்பது வட்டமாக மூடிய ஒற்றை இழை ஆர்.என்.ஏ. மட்டுமே. அதற்குப் புரத உறை இல்லை. ஒரு புரதத்தை உண்டாக்கும் குறிப்புகூட அதில் இல்லை. உருளைக்கிழங்கைக் கதிர்போல் நீண்டு மெலியச் செய்யும் நோயை ஆராய்ந்த தியோடர் டீனர், 1971இல் இதற்குப் பெயரிட்டார். அந்த நோயை உண்டாக்கும் வைராய்டின் நீளம் ஏறத்தாழ 359 நியூக்ளியோடைடுகள்.

2006இல் நெதர்லாந்தின் அலங்காரச் செடிகளில் இதே வைராய்டு தென்பட்டது. புரூக்மான்சியாவும் சோலானம் ஜாஸ்மினாய்டிஸ் கொடியும் அதைச் சுமந்தபடியே செழித்துப் பூத்தன. கத்தியிலோ கையிலோ ஒட்டிய சாறு வழியாக அது தக்காளியை அடைந்தால் செடி குட்டையாகிறது, இலை வெளிறுகிறது, காய் சிறுக்கிறது.

அப்படியானால் நோய் எதில் இருக்கிறது? வைராய்டிலேயே என்றால் பூச்செடியும் நோயாளிதான். ஆனால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. தக்காளியில் மட்டும் என்றால், தொற்று வந்த வழி விளங்காது. வைராய்டுக்கும் அது நுழைந்த உயிருக்கும் இடையிலான உறவின் பெயரே நோய் என்பதுதான் பொருத்தமான விடை.

இதற்கு யார் பொறுப்பு என்ற அறநெறிக் கேள்வி இதனினும் கடினமானது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரு அலங்காரச் செடிகளுக்கும் அவசரக் கட்டுப்பாடு விதித்தது. தனக்குத் தீங்கில்லாத ஒன்றைச் சுமந்ததற்காக ஒரு செடி அழிக்கப்படுவது தண்டனை ஆகாது. குற்றத்துக்குத் தேவையான எண்ணம் செடிக்கு இல்லை. கருவியைத் தூய்மை செய்வதும் நாற்றைச் சோதிப்பதும் வளர்ப்பவரால் இயலும் என்பதால், பொறுப்பு அவரையே சேர்கிறது.